மாணாக்கரும் காட்சி விஞ்ஞானமும்



நாம் வாழும் புணே நகரில், ஆண்டுதோறும் கோடை நெருங்குங்கால், தமிழ்க் குடும்பங்கள் கூடும் இடமெல்லாம் ஒரே பேச்சுத்தான் கேட்கும். பிள்ளைக்கு எந்தக் கல்லூரி, பெண்ணுக்கு எந்தப் படிப்பு, படித்து முடித்தால் என்ன சம்பளம் என்பனவே அப்பேச்சின் பொருள். அத்தகைய கூட்டம் ஒன்றில், கட்கியில் வாழும் அன்பர் ஒருவர் நம்மை ஒரு கேள்வி கேட்டார். அவருடைய மகள் விஞ்ஞானக் கல்லூரி மாணவி. கண் காண்பதை மூளை எவ்வாறு உணர்கிறது என்று ஆராயும் சாலை ஒன்றில், விடுமுறையில் இரண்டு மாதம் இருந்து வேலை பழக அவள் விரும்புகிறாளாம். "இதனால் பட்டமும் கிடையாது, கிடைக்கும் உதவித் தொகையோ சொற்பம். இரண்டு மாதத்தை இப்படிச் செலவிடலாமா?" என்பது தந்தையின் கவலை.

நாம் கலைப் பட்டதாரி. மத்திய அரசின் அலுவலகத்தில் கோப்புகளை மொழிபெயர்ப்பது நம் தொழில். ஆதலின் அன்று விடை கூற நாணினோம். எனினும் அக்கேள்வி நம்மை விட்டு அகலவில்லை. மாணாக்கர் ஆராய்ச்சி செய்வது என்பது நம் நாட்டில் எவ்வாறு தொடங்கிற்று, அதனால் விளைந்த பயன் யாது என்பதை அறிய நூல்களைப் புரட்டினோம். கண்ட செய்திகள் நம்மை வியப்பில் ஆழ்த்தின. கண்ணையும் ஒளியையும் பற்றிய ஆராய்ச்சியில் தமிழ் மாணாக்கர் ஏறத்தாழ நூற்றிருபது ஆண்டுகளாகத் தொடர்பு கொண்டிருக்கின்றனர். அவருட் சிலர் நம்மைப் போலவே ஊர்விட்டு ஊர் சென்று வாழ்ந்தவர். சிலர் இப்புணே நகரிலேயே பணிபுரிந்தவர். அவ்வரலாற்றை இங்கு உங்களோடு பகிர்ந்துகொள்ள விழைகின்றோம்.

முதலில், ஆராய்ச்சிக்குரிய பொருள்தான் யாது என்பதைச் சிறிது காண்போம். கண் ஒரு புகைப்படக் கருவி போன்றது என்று பள்ளியில் கற்றோம். அது பாதி உண்மையே. விழியின் பின்புறத்தில் விழித்திரை எனும் மெல்லிய சவ்வு உண்டு. ஒளியை உணரும் அணுக்கள் ஒவ்வொரு கண்ணின் விழித்திரையிலும் பன்னிரண்டு கோடிக்கு மேல் இருக்கின்றன. ஆனால் கண்ணிலிருந்து மூளைக்குச் செல்லும் பார்வை நரம்பிலுள்ள இழைகளோ ஏறத்தாழப் பத்து இலட்சமே. பன்னிரண்டு கோடிப் பேர் சொல்லும் செய்தியைப் பத்து இலட்சம் பேர் சுருக்கி எடுத்துச் செல்லுகின்றனர் என்று கொள்ளலாம். சுருக்கத்தில் எதை வைப்பது, எதை விடுவது? சென்று சேர்ந்த சுருக்கத்தினின்று மரமும் மனிதரும் தாயின் முகமும் எவ்வாறு உருவாகின்றன? மொழிபெயர்ப்பாளராகிய நமக்கு இவ்வினா மிகவும் நெருக்கமானது. கண் காண்கிறது, மூளை அதனை மொழிபெயர்க்கிறது. அம்மொழிபெயர்ப்பின் இலக்கணத்தைத் தேடுவதே காட்சி நரம்பியல் எனும் துறை.

இனி வரலாற்றுக்கு வருவோம். 1906ஆம் ஆண்டு. சென்னை மாநிலக் கல்லூரியில் முதுகலை பயின்றுகொண்டிருந்த பதினெட்டு வயது இளைஞர் ஒருவர், நிறமாலைமானி எனும் கருவியைக் கொண்டு முப்பட்டகக் கண்ணாடியின் கோணத்தை அளந்துகொண்டிருந்தார். ஒளி மிகச் சாய்வாகப் படும்போது தோன்றிய பட்டைகள் இருபுறமும் ஒத்திராமல் வேறுபடுவதைக் கண்டார். பாட நூலில் இதற்கு விளக்கம் இல்லை. பிறராயின் கணக்கை முடித்து மதிப்பெண் பெற்றுச் சென்றிருப்பர். இவரோ அதனை மேலும் ஆராய்ந்து கட்டுரையாக்கி, இலண்டனில் வெளிவந்த 'பிலாசபிகல் மேகசீன்' எனும் இதழுக்கு அனுப்பினார். அவ்வாண்டு நவம்பரில் அது அச்சேறியது. அவ்விளைஞரே பின்னாளில் நோபல் பரிசு பெற்ற சந்திரசேகர வேங்கடராமன்.

இந்நிகழ்ச்சியில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. அந்நாளில் மாணாக்கர் ஆராய்ச்சி என்று ஒரு திட்டம் கிடையாது. உதவித் தொகை கிடையாது. வழிகாட்டும் ஆராய்ச்சிப் பேராசிரியரும் இல்லை. ஆயினும், ஆய்வுக்கூடத்தில் தம் விருப்பப்படி சோதனை செய்ய அவ்விளைஞரைக் கல்லூரி அனுமதித்தது. பூட்டாத ஒரு கதவுதான் அவருக்குக் கிடைத்த வாய்ப்பு. அது போதுமானதாயிற்று.

ஆனால் அதன் பின்னர் நிகழ்ந்தது யாது? விஞ்ஞானத்தில் பிழைப்புக்கு வழியில்லை என்று, இராமனும் நம் கட்கி அன்பர் விரும்புவது போன்ற உத்தியோகத்திற்கே சென்றார். 1907இல் நிதித் துறைத் தேர்வில் வென்று, கல்கத்தாவில் துணைக் கணக்குத் தலைவராகப் பதவியேற்றார். தமிழ்நாட்டை விட்டு, மொழி தெரியாத ஊரில், அரசாங்க ஊழியராக வாழ்ந்த அவர் நிலையை நாம் நன்கு உணர முடியும். இடையே இரங்கூனுக்கும் நாகபுரிக்கும் மாற்றப்பட்டார். மாற்றல் உத்தரவு எத்தகையது என்பதை உங்களுக்கு நாம் விளக்க வேண்டுவதில்லை.

கல்கத்தாவின் பௌபஜார் வீதியில், டாக்டர் மகேந்திரலால் சர்க்கார் 1876இல் நிறுவிய இந்திய விஞ்ஞான வளர்ச்சிக் கழகம் இருந்தது. அதில் ஆராய்ச்சி செய்வார் அக்காலத்தில் அரிதாயினர். இராமன் சென்று அனுமதி கேட்டார், அனுமதி கிடைத்தது. காலையில் அலுவலகத்திற்குச் செல்லுமுன்பும், மாலையில் அலுவலகம் முடிந்த பின்பும் அங்கே உழைத்தார். இவ்வாறு பத்தாண்டுகள் கழிந்தன. 1917இல் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் பாலித் பேராசிரியர் பதவி கிடைத்தபோதுதான் கணக்கு அலுவலை விட்டார்.

தாம் நுழைந்த கதவை அவர் பிறருக்கும் திறந்து வைத்தார் என்பதே அவர் பெருமைகளுட் பெரிது என்போம். தென்னாட்டிலிருந்து இளைஞர் பலர் கல்கத்தா சென்று அவரிடம் பயின்றனர். பாலக்காட்டுக் கல்பாத்தியில் பிறந்த கே. ஆர். இராமநாதன், 1923இல் நீரினூடே சிதறும் ஒளியை ஆராய்ந்தபோது, மங்கிய வேறொரு ஒளியும் உடன் தோன்றுவதைக் கண்டார். அஃது அக்காலத்தில் நீரிலுள்ள மாசின் விளைவு எனக் கருதப்பட்டது. ஐந்தாண்டு கழித்து, வத்திராயிருப்பில் பிறந்த கே. எஸ். கிருஷ்ணன் துணையாக இருக்க, 1928 பிப்ரவரி 28ஆம் நாள் இராமன் உண்மையைத் தெளிந்தார். அதுவே இராமன் விளைவு. அக்கண்டுபிடிப்பில் முதற் கருவியாய் அமைந்தது மனிதக் கண்ணே என்பதை நினைவிற் கொள்ள வேண்டும். ஒன்றுக்கொன்று மாறான நிறங்களையுடைய வடிகண்ணாடிகளை ஒளியின் பாதையில் வைத்து, இருளில் பழகிய கண்ணால் நோக்கியே அப்புதிய ஒளியை அவர்கள் முதலில் கண்டனர்.

இவ்விடத்தில் நம் புணே வரலாற்றில் வந்து சேர்கிறது. இந்திய வானிலைத் துறையின் தலைமையகம் 1928இல் சிம்லாவிலிருந்து, அக்காலத்தில் பூனா என வழங்கிய இந்நகருக்கு மாற்றப்பட்டது. இராமனிடம் பயின்ற இளைஞர் சிலர் அத்துறையில் சேர்ந்து இங்கு வந்தனர். இராமநாதன் அவருள் ஒருவர். பாலக்காட்டில் 1900இல் பிறந்த எல். ஏ. இராமதாஸ் மற்றொருவர். உழவுக்கும் வானிலைக்கும் உள்ள தொடர்பை ஆராய 1932இல் இங்கு ஒரு பிரிவு தொடங்கப்பட்டபோது அதன் தலைமையை இராமதாஸ் ஏற்றார். அவ்வாண்டிலேயே அவரும் ஆத்மநாதன் என்பாரும் ஒரு புதுமையை வெளியிட்டனர். காற்றடங்கிய தெளிந்த இரவில் தரைதான் மிகக் குளிர்ந்திருக்கும் என அனைவரும் எண்ணியிருந்தனர். அவர்களோ, மிகக் குளிர்ந்த காற்று தரையிலன்று, தரைக்குச் சாண் இரு சாண் மேலே நிற்கிறது என்று அளந்து காட்டினர். உலக விஞ்ஞானிகள் எளிதில் நம்பவில்லை. பின்னர் அது மெய்யென நிறுவப்பட்டு, 'இராமதாஸ் அடுக்கு' என்று அவர் பெயராலேயே வழங்கலாயிற்று.

பாடம் சொன்னதைக் காட்டிலும் கண் கண்டதை நம்பும் துணிவு, இளமையில் ஓர் ஆராய்ச்சிச் சாலையில் பெற்ற பயிற்சியால் வருவது. ஒளியைக் கற்றவர் வெப்பநிலையை ஆராய்ந்தார். ஆயினும் பழகிய பழக்கம் ஒன்றே. நம் அன்பரின் மகள் நாளைக்குக் கண்ணை ஆராயாமல் வேறு தொழிலுக்கே சென்றாலும், அவ்விரண்டு மாதம் வீணாகாது என்பதற்கு இராமதாஸின் வாழ்வு சான்று.

புணே வானிலை அலுவலகத்திற்கு வந்த மற்றொருவரையும் இங்குக் கூறாமல் விடலாகாது. அவர் அன்னா மாணி. பீர்மேட்டில் 1918இல் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் 1939இல் பட்டம் பெற்று, 1940இல் பெங்களூரில் இராமனின் ஆய்வுக்கூடத்தில் மாணவியாகச் சேர்ந்தார். வைரமும் மாணிக்கமும் ஒளியை எவ்வாறு உட்கொண்டு உமிழ்கின்றன என்பது அவர் ஆராய்ச்சி. ஒரு நிறமாலையைப் படமெடுக்கப் பல மணி நேரம் காத்திருக்க வேண்டும். இரவெல்லாம் ஆய்வுக்கூடத்திலேயே கழிந்த நாட்கள் உண்டு. 1945இல் தம் ஆய்வேட்டைச் சென்னைப் பல்கலைக்கழகத்தில் அளித்தார். முதுகலைப் பட்டம் இல்லை என்னும் காரணத்தால் டாக்டர் பட்டம் மறுக்கப்பட்டது. அவர் மனந்தளரவில்லை. இங்கிலாந்து சென்று வானிலைக் கருவிகளைப் பற்றிக் கற்று, 1948இல் புணேக்கு வந்து சேர்ந்தார். அதுவரை வெளிநாட்டிலிருந்து வாங்கிய கருவிகள் பல இந்நாட்டிலேயே செய்யப்படுவதற்கு அவரே பெருங்காரணர் ஆனார்.

ஆராய்ச்சிச் சாலையின் கதவு திறந்திருந்தது. பட்டம் வழங்கும் கதவு திறக்கவில்லை. மாணாக்கருக்கு வாய்ப்பு என்று பேசும்போது இவ்விரண்டாவது கதவையும் நாம் மறக்கலாகாது. உழைப்பை ஏற்றுக்கொண்டு, அதற்குரிய பெயரைக் கொடாமல் விடுவது வாய்ப்பாகாது.

மீண்டும் கண்ணுக்கு வருவோம். இராமன் தம் முதுமையில் காட்சியையே முழு ஆராய்ச்சிப் பொருளாகக் கொண்டார். இளமையில் அவர் உள்ளத்தைக் கவர்ந்த நூல்களுள் ஒன்று, ஜெர்மானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் இசையொலி பற்றி எழுதியது. அந்த ஹெல்ம்ஹோல்ட்ஸ்தான் 1851இல் கண்ணின் உட்புறத்தை நோக்கும் கருவியை உலகிற்கு அறிமுகப்படுத்தியவர். இராமன் தம் பெங்களூர்த் தோட்டத்து மலர்களின் நிறங்களையும், வண்ணக் கண்ணாடிகளின் வழியே தம் கண் கண்டவற்றையும் ஆண்டுக்கணக்கில் குறித்து, 1968இல் காட்சியின் உடலியல் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். அப்போது அவருக்கு வயது எண்பது. கண்ணில் மூவகை நிற உணர்வுகளே உண்டு எனும் பழைய கொள்கையை அந்நூலில் மறுத்தார்.

இதில் அவர் கருத்து நிலைபெறவில்லை என்பதை நேர்மையாகச் சொல்ல வேண்டும். அந்நூல் வெளிவருவதற்கு முன்பே, 1964இல், அமெரிக்க ஆராய்ச்சியாளர் நிறமுணரும் தனித்தனி அணுக்கள் ஒளியை உட்கொள்ளும் அளவைக் கருவியால் அளந்து, அவை மூவகையினவே என்று காட்டியிருந்தனர். தம் கண்ணையே முதற் கருவியாகக் கொண்டு பெருவெற்றி பெற்ற மேதை, அக்கண்ணின் அமைப்பை அறியக் கண் மட்டும் போதாது என்ற இடத்திற்கு வந்து நின்றார். எவ்வளவு பெரிய அறிஞர்க்கும் புதிய கருவியும், எதிர்த்துக் கேள்வி கேட்கும் இளையவரும் வேண்டும். ஆராய்ச்சிச் சாலையால் மாணாக்கருக்கு நன்மை என்று நாம் பேசுகிறோம். மாணாக்கரால் ஆராய்ச்சிச் சாலைக்கு உண்டாகும் நன்மை அதனினும் குறைந்ததன்று.

அதே காலத்தில் மேல்நாட்டில் காட்சி நரம்பியல் பெரும் பாய்ச்சல் கண்டது. 1950களின் இறுதியில் டேவிட் ஹூபெல், டோர்ஸ்டன் வீசல் என்னும் இருவர், பூனையின் பின்மூளையிலுள்ள நரம்பணு ஒன்றின் மின்துடிப்பைக் கேட்டுக்கொண்டிருந்தனர். ஒளிப்புள்ளிகளைத் திரையிற் காட்டினர், அவ்வணு அசையவில்லை. புள்ளி பதித்த கண்ணாடித் தகட்டைக் கருவியில் நுழைக்கும்போது தற்செயலாக அதன் விளிம்பின் நிழல் திரையில் ஓடிற்று. அக்கணமே அணு படபடவெனத் துடித்தது! மூளையின் அப்பகுதி புள்ளிகளையன்று, குறிப்பிட்ட சாய்வுடைய கோடுகளையும் விளிம்புகளையுமே தேடுகிறது என்பது தெளிந்தது. 1963இல் அவர்களே மற்றோர் உண்மையையும் வெளியிட்டனர். பிறந்த பூனைக்குட்டியின் ஒரு கண்ணைத் தொடக்க வாரங்களில் மூடி வைத்துப் பின்னர்த் திறந்தால், கண் பழுதின்றி இருப்பினும் மூளை அதன் வழியே காண்பதில்லை. காணக் கற்பதற்கு ஒரு பருவம் உண்டு; அப்பருவம் தவறினால் கற்பது அரிது. பிறவிக் கண்புரையுள்ள குழந்தைகளுக்கு விரைவில் சிகிச்சை செய்ய வேண்டும் என்று மருத்துவர் இன்று வற்புறுத்துவதற்கு இவ்வுண்மை ஓர் அடிப்படை. 1981இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

அத்தகைய விலையுயர்ந்த கருவிகள் நம் நாட்டு மாணாக்கருக்கு அந்நாளில் எங்கே கிடைக்கும்? ஆயினும் 1973இல் ஓர் அதிசயம் நிகழ்ந்தது. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் மாணவராயிருந்த வி. எஸ். இராமச்சந்திரன், இராவ், வித்தியாசாகர் என்னும் இருவரோடு சேர்ந்து எழுதிய கட்டுரை, உலகப் புகழ் பெற்ற 'நேச்சர்' இதழில் வெளிவந்தது. இரு கண்ணின் காட்சிகளையும் இணைத்து மூளை ஆழத்தை உணரும்போது, உருவங்களின் விளிம்புக் கோடுகள் வகிக்கும் பங்கு யாது என்பதே அதன் பொருள்.

இப்பொருளைச் சிறிது விளக்குவோம். நம் இரு கண்களும் ஏறத்தாழ ஆறு சென்டிமீட்டர் இடைவெளியில் அமைந்துள்ளன. ஆதலின் வலக்கண் காண்பதும் இடக்கண் காண்பதும் முற்றிலும் ஒன்றல்ல. அச்சிறு வேறுபாட்டைக் கொண்டே மூளை, எது அருகில், எது தொலைவில் என்று கணிக்கிறது. ஐயமிருப்பின், ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஊசியில் நூல் கோத்துப் பாருங்கள்! 1838இல் ஆங்கிலேயர் வீட்ஸ்டன், இரு கண்ணுக்கும் வெவ்வேறு படம் காட்டும் எளிய கருவி ஒன்றால் இதனை விளக்கினார். 1960இல் பேலா யூலெஸ் என்பார், கணிப்பொறியின் துணையால், வெறும் புள்ளிகளாலான இரு படங்களிலிருந்தும் ஆழம் தோன்றச் செய்தார். இத்துறையில் ஆராய்ச்சி செய்வதற்குச் சிந்தித்து வரைந்த படங்களும் அவற்றைப் பொறுமையாக நோக்கும் கண்களுமே முதன்மையாக வேண்டுவன. செல்வமில்லாத ஆய்வுக்கூடத்திலும் உலகத்தரமான கேள்வியைக் கேட்க முடியும் என்பதைச் சென்னை மாணாக்கர் கண்டுகொண்டனர்.

இராமச்சந்திரன் பின்னர்க் கேம்பிரிட்ஜ் சென்று 1978இல் டாக்டர் பட்டம் பெற்றார், கலிபோர்னியாவில் பேராசிரியரானார். கை இழந்தவர்க்கு இல்லாத கையில் தோன்றும் வலியை, ஒரு பெட்டியும் கண்ணாடியும் கொண்டு தணிக்கலாம் என்று காட்டி உலகை வியக்கச் செய்தார். 2003இல் பிரிட்டிஷ் ஒலிபரப்பு நிறுவனத்தின் ரீத் சொற்பொழிவுகளை வானொலியில் நிகழ்த்தினார். வானொலி அன்பர்களாகிய நமக்கு இது தனி மகிழ்ச்சி. வித்தியாசாகர் ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் பல்கலைக்கழகத்தில் காட்சி நரம்பியல் ஆராய்ச்சியாளராக விளங்கினார். ஒரு மாணாக்கரின் ஆர்வம் எத்தனை தொலைவு செல்லக்கூடும் என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

எனினும் ஒரு வினா எழுகிறது. இராமனும் இராமச்சந்திரனும் தாமே வழி வெட்டிக்கொண்டவர்கள். வழி வெட்டத் தெரியாத, ஆனால் வழி இருந்தால் நடக்கக்கூடிய ஆயிரம் மாணாக்கரின் நிலை யாது? இதனை நாடு மெல்ல மெல்லவே உணர்ந்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1979இல், மருத்துவ மாணவர் இரண்டு மாதம் ஆராய்ச்சி செய்வதற்கான குறுகிய கால உதவித் திட்டத்தைத் தொடங்கிற்று. இராமன் 1934இல் நிறுவிய இந்திய விஞ்ஞானக் கழகம், மற்ற இரு தேசிய விஞ்ஞானக் கழகங்களோடு சேர்ந்து, கோடை விடுமுறையில் மாணாக்கரையும் ஆசிரியரையும் ஆராய்ச்சிச் சாலைகளுக்கு அனுப்பும் திட்டத்தை நடத்தலாயிற்று. தமக்குத் திறந்த கதவைப் பிறருக்கும் திறந்தவர் மறைந்த பின்னும், அவர் நிறுவிய கழகம் அப்பணியைத் தொடர்ந்தது பொருத்தமே. 1999இல் இளம் விஞ்ஞானிகளுக்கான கிஷோர் வைக்ஞானிக் புரோத்சாகன் யோஜனா எனும் உதவித் தொகைத் திட்டம் தோன்றியது; 2022இல் அது இன்ஸ்பயர் திட்டத்தோடு இணைக்கப்பட்டது.

மூளை ஆராய்ச்சிக்கெனத் தனி நிலையங்களும் எழுந்தன. அரியானா மாநிலத்து மானேசரில் அமைந்த தேசிய மூளை ஆராய்ச்சி மையத்தை 2003 டிசம்பரில் நாட்டிற்கு அர்ப்பணித்தவர் அப்துல் கலாம். பெங்களூர் இந்திய விஞ்ஞான நிலையத்தில் 2009இல் நரம்பியல் மையம் தொடங்கிற்று. காட்சியை ஆராயும் கூடங்கள் அங்கு நடைபெறுகின்றன. நம் புணேயில் 2006இல், தேசிய இரசாயன ஆய்வுக்கூடத்தின் அண்டையில், இந்திய விஞ்ஞானக் கல்வி ஆராய்ச்சி நிலையம் பிறந்தது. பாடம் ஒரு கட்டடத்திலும் ஆராய்ச்சி வேறொரு கட்டடத்திலும் நடந்த பழைய முறையை மாற்றி, ஐந்தாண்டுப் படிப்பில் மாணாக்கரை ஆராய்ச்சியில் ஈடுபடுத்துவதே அதன் நோக்கம். எலி மணத்தை எவ்வாறு அறிகிறது, சிறு பறவை தன் பாட்டை எவ்வாறு கற்கிறது என்பன போன்ற ஆராய்ச்சிகள் அங்கு நிகழ்ந்துள்ளன. மூக்கும் செவியும் கண்ணுக்கு அண்டை வீட்டார். ஒரு புலனை ஆராயக் கற்றவர் மற்றொன்றுக்கு மாறுவது பெரிய பயணம் அன்று.

சரி, இத்தகைய சாலையில் மாணவி இரண்டு மாதம் என்னதான் செய்வாள்? தந்தையின் உள்ளத்தில் இவ்வினா எழுவது இயல்பு. இருண்ட அறையில் ஒரு திரை. அதன் எதிரே மோவாயை வைத்துக்கொள்ள ஒரு தாங்கி. கண்ணின் அசைவைக் குறிக்கும் ஒரு காமிரா. நாம் ஒரு பொருளை உற்று நோக்குவதாக எண்ணும்போதும் கண் ஒரு நொடிக்கு ஏறத்தாழ மூன்று முறை தாவுகிறது. அத்தாவல்களை அளப்பதும், திரையின் ஒளியை முறைப்படுத்துவதும், படத்தைக் கண்டு பொத்தானை அழுத்த எத்தனை மில்லி நொடி ஆயிற்று என்று குறிப்பதும், குறித்த எண்களைக் கணிப்பொறியில் ஆராய்வதும் அவள் பணியாகும். பெரும்பாலும் முதற் சோதனைக்கு அவள் கண்களே பயன்படும். பிறரைச் சோதிப்பதற்கு முன் அவர்தம் இசைவைப் பெற வேண்டும். அறநெறிக் குழுவின் அனுமதி வேண்டும். முதல் மாதத்தில் பெரும்பாலும் ஒன்றும் சரிவராது. எண்கள் எதிர்பார்த்தவாறு வாரா. தவறு கருவியிலா, கணக்கிலா, கருத்திலா என்று தேடுவதே உண்மையான படிப்பு.

இவ்வளவு உழைப்பும் யாருக்காக? அதற்கும் நம் நாட்டிலேயே விடை உண்டு. அயர்லாந்து அறிஞர் மொலினூ, 1688இல் தத்துவ ஞானி லாக்குக்கு ஒரு கேள்வி எழுதினார். பிறவியிலேயே பார்வையற்ற ஒருவர், உருண்டையையும் சதுரக் கட்டியையும் தொட்டு வேறுபாடு அறிந்தவர், திடீரெனப் பார்வை பெற்றால், தொடாமல் கண்டே அவற்றை அடையாளம் காண்பாரா? மொலினூவின் மனைவியார் பார்வை இழந்தவர் என்பதை அறியும்போது இக்கேள்வியின் ஆழம் நம்மைத் தொடுகிறது. முந்நூறு ஆண்டு கழித்து, டில்லியில், பிறவியிலேயே பார்வையற்றிருந்த சிறுவர்க்குச் சிகிச்சையளித்துப் பார்வை தந்து, அதனோடு ஆராய்ச்சியும் நடத்தியது 'பிரகாஷ்' எனும் திட்டம். பவன் சின்ஹா என்பார் அதனைத் தொடங்கியவர். 2011இல் வெளிவந்த முடிவு இது: பார்வை பெற்றவுடன், தொட்டறிந்ததைக் கண்டறிய அச்சிறுவரால் இயலவில்லை, ஆனால் சில நாட்களுக்குள் அத்திறன் வளரலாயிற்று. பருவம் தவறினும் மூளை முற்றிலும் கதவடைத்துவிடுவதில்லை என்னும் நம்பிக்கை இதனால் பிறந்தது. ஒரு கேள்விக்கு விடையும் கிடைத்தது. சிறுவர் சிலர்க்கு ஒளியும் கிடைத்தது.

1976இல் மதுரையில் டாக்டர் வேங்கடசாமி பதினொரு படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, இலட்சக்கணக்கானவர்க்குப் பார்வை தந்ததை நாம் அறிவோம். கண்ணைச் சரிசெய்யும் கலை அங்குள்ளது. சரிசெய்த கண்ணைக் கொண்டு மூளை காணக் கற்பது எவ்வாறு என்பதை அறியும் கலை, இனி வரும் மாணாக்கரின் கையில் உள்ளது.

குறைகள் இல்லாமல் இல்லை. விண்ணப்பிப்போர் பலர், இடங்களோ சில. பெருநகரக் கல்லூரி மாணாக்கர்க்குச் செய்தி எட்டுவது போல் சிற்றூர் மாணாக்கர்க்கு எட்டுவதில்லை. தாய்மொழியிற் படித்து வந்த பிள்ளை, பேராசிரியர்க்கு ஆங்கிலத்தில் ஒரு கடிதம் எழுத அஞ்சிப் பின்வாங்குகிறது. அலுவலகத்தில் நாள்தோறும் மொழிக்கு மொழி கருத்தைச் சுமந்து செல்லும் நாம் இதனை நன்கு உணர்ந்தோம். 'விழித்திரை', 'நரம்பணு' என்னும் சொற்களைத் தமிழில் அறிந்த மாணவிக்குப் பொருள் முன்பே விளங்கியிருக்கும்; ஆங்கிலப் பெயரை ஒரு வாரத்தில் கற்றுக்கொள்ளலாம். தயக்கத்தை நீக்குவதுதான் கடினம். அதில் பெற்றோரும், அண்டை அயலாரும், நம் தமிழ்ச் சங்கங்களும் உதவலாம்.

இவற்றையெல்லாம் குறித்துக்கொண்டு, சில வாரம் கழித்து அக்கட்கி அன்பரின் இல்லத்திற்குச் சென்றோம். இராமனின் பத்தாண்டுக் காலை மாலைகளைக் கூறினோம். இப்புணேயிலேயே உழைத்த இராமதாஸையும் அன்னா மாணியையும் கூறினோம். அவர் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. அன்னா மாணிக்குப் பட்டம் மறுத்த செய்தி அவரைச் சுட்டது போலும். "ஐயா, இரண்டு மாதத்தில் இவள் ஒன்றும் கண்டுபிடிக்காமல் திரும்பி வந்தால்?" என்று மட்டும் கேட்டார். நாம் விடை கூறுமுன் மகளே கூறினாள்: "ஏன் கண்டுபிடிக்க முடியவில்லை என்று தெரிந்துகொண்டு வருவேன், அப்பா."

அதற்குமேல் நாம் கூற வேண்டுவது ஒன்றும் இருக்கவில்லை. அவர் உள்ளே சென்று, விண்ணப்பத்தில் பெற்றோர் கையெழுத்திடும் இடம் எது என்று தம் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு தேடலானார்.